தேதி சொன்னால் சிரித்த நகரம்

கல், காசு, காலம் – 8

பெர்லின் நினைவுப்பொருள் கடைகளில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அஞ்சலட்டை விற்றது. ‘விமான நிலையம் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை’ என்று அதில் அச்சடித்திருந்தார்கள். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் விளங்காது. உள்ளூர்க்காரர் பார்த்தவுடன் சிரித்துவிடுவார். 1961 ஜூன் 15 அன்று, கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று அடித்துச் சொன்னார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 13 அதிகாலையில் முள்வேலி வந்துவிட்டது, அதன்பின் சுவரும் வந்தது. கட்ட மாட்டோம் என்று சொன்னது ஒரே இரவில் எழுந்து நின்ற ஊரில், கட்டுகிறோம் என்று ஊரறியச் சொன்னது ஆண்டுக்கணக்கில் முடியவில்லை.

அந்த விமான நிலையத்துக்கு நோபல் பரிசு பெற்ற முன்னாள் பிரதமர் வில்லி பிராண்டின் பெயர். நகரின் தென்கிழக்கு ஓரத்தில், பிராண்டன்பர்க் மாநில எல்லைக்குள், ஷோனஃபெல்டில் இருக்கிறது. 2006 செப்டம்பரில் முதல் மண் வெட்டினார்கள். 2011 அக்டோபரில் திறப்பு என்றார்கள். பிறகு 2012 ஜூன் என்றார்கள். பிறகு 2013 மார்ச், அதே ஆண்டு அக்டோபர். அதற்கப்புறம் கொஞ்ச காலம் தேதியே கிடையாது. மறுபடி 2017, மறுபடி 2018. கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31.

சென்ற வாரம் பார்த்த டென்வர் விமான நிலையத்தில் தாமதம் பதினாறு மாதம்தான். பெட்டிகளை இழுத்துச் செல்லும் தானியங்கி இயந்திரம் வேலை செய்யவில்லை என்ற ஒரே காரணத்தைக் கையால் சுட்டிக்காட்ட முடிந்தது. பெர்லினில் கதை வேறு. இங்கே முதலில் பழுதானது கட்டடம். அடுத்துப் பழுதானது, கட்டடத்தைப் பற்றி மேடையில் இருப்பவர் சொல்லும் எந்த வார்த்தையும். இதுவும் எந்த நாட்டில்? கச்சிதத்துக்குப் பேர்போன ஜெர்மனியில். (ரயில் நேரம் பற்றி மட்டும் ஜெர்மானியர்களிடம் இப்போது கேட்காமல் இருப்பது நல்லது.)

தொடக்கமே இழுபறி. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் பெர்லினில் டேகல், டெம்பல்ஹோஃப், ஷோனஃபெல்ட் என்று மூன்று விமான நிலையங்கள் இருந்தன. மூன்றுக்கும் பதிலாக ஒன்று என்று 1990-களில் முடிவாயிற்று. தனியாரிடம் ஒப்படைக்கும் முயற்சி 2003-ல் முறிந்தது. டீபென்ஸே என்ற சிற்றூரையே காலி செய்து, மக்களை வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். சுற்றுவட்டார மக்களின் இரைச்சல் வழக்கு கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை போய், இரவு விமானங்களுக்குக் கட்டுப்பாட்டோடு 2006-ல் பச்சைக்கொடி கிடைத்தது.

அடுத்து நடந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. டெர்மினலை மொத்தமாகக் கட்டித்தரப் பெரிய நிறுவனங்கள் 2007-ல் கேட்ட தொகை அதிகம் என்று டெண்டரை ரத்து செய்தார்கள். வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாகக் கொடுத்து, மேற்பார்வையை விமான நிலைய நிறுவனமே வைத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள் பெர்லின், பிராண்டன்பர்க் மாநிலங்களும் மத்திய அரசும். கண்காணிப்புக் குழுவின் தலைவர் பெர்லின் மேயர் கிளாவுஸ் வோவரைட். பிராண்டன்பர்க் முதல்வர் மத்தியாஸ் பிளாட்செக் அவருக்கு அடுத்த இடத்தில். ஆக, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் கணக்கு கேட்பவரும் ஒருவரே. ‘இன்னும் முடியவில்லை’ என்று யார் யாரிடம் சொல்வது?

மக்கள் நம்பிக்கை எந்த நாளில் உடைந்தது என்று பொதுவாகத் துல்லியமாகச் சொல்ல முடியாது. பெர்லினில் சொல்லலாம். 2012 மே 8, செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு எல்லாம் தயார் நிலையில் இருந்தது. ஜூன் 3 திறப்பு. மே 24 அன்று பிரதமர் அங்கெலா மெர்க்கல் கலந்துகொள்ளும் விழா. ஜூன் 2 நள்ளிரவில் டேகலை மூடி, வண்டி வண்டியாகச் சாமான்களை நெடுஞ்சாலை வழியே ஷோனஃபெல்டுக்கு ஓட்டிவந்து, விடிந்ததும் அங்கிருந்து விமானம் பறக்கவேண்டும். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பயணிகளைப் போலப் பெட்டி தூக்கி ஒத்திகை பார்த்திருந்தார்கள். விமான நிறுவனங்கள் புது நிலையத்தின் பெயரில் டிக்கெட் விற்றிருந்தன. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, சமையலுக்கும் ஆள் சொல்லியாகிவிட்ட நிலை. திறப்புக்கு நான்கு வாரம்கூட இல்லாதபோது வோவரைட்டும் பிளாட்செக்கும் நிறுவனத் தலைவர் ரைனர் ஷ்வார்ட்ஸும் செய்தியாளர்கள் முன் வரிசையாக உட்கார்ந்து, திறப்பு இல்லை என்றார்கள். காரணம், தீ பாதுகாப்பு.

முதல் அதிர்ச்சி தணிந்தபின் அடுத்தது வந்தது. அடுத்த மார்ச்சில் திறப்போம் என்றார்கள். அதற்கப்புறம் அக்டோபர் என்றார்கள். 2013 ஜனவரியில் அதுவும் கிடையாது என்றார்கள். ஒரு வருடத்துக்குள் மூன்று தேதிகள் போனபோது, நான்காவது தேதிக்கு ஊரார் சிரிக்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

அப்படி என்னதான் கோளாறு? புகை மேலே போகும் என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். பெர்லின் டெர்மினலில் புகை கீழே போகவேண்டும். கூரை அழகாக, புகைபோக்கிகள் இல்லாமல் தட்டையாக இருக்கவேண்டும் என்பதால், தீ பிடித்தால் மண்டபத்துப் புகையை மின்விசிறிகள் உறிஞ்சி, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடும் குழாய்கள் வழியே இறக்கி வெளியேற்றும்படி வடிவமைத்திருந்தார்கள். காகிதத்தில் இது நடக்கும். ஆனால் நடக்க வேண்டுமென்றால், சென்சார் மணி அடித்த நொடியில் எந்தக் கதவு திறக்கும், எது மூடும், எந்தத் தடுப்பு இறங்கும், எந்த விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றும், எந்த ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் தெளிக்கும் என்று எல்லாமே ஒரே மூளைக்குக் கட்டுப்பட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுமானத் தளத்தில் வைத்த பெயர் ‘பூதம்’.

பூதத்தைக் கட்டிக்கொண்டே வீட்டையும் மாற்றினார்கள் என்பதுதான் வேடிக்கை. நடுவில் கடைகள் அதிகம் வேண்டும் என்றார்கள், புதிய தளங்கள் சேர்ந்தன. பெரிய ஏ380 விமானம் நிற்க வசதி கேட்டார்கள். ஒவ்வொரு சுவர் நகர்ந்தபோதும் புகைக் கணக்கு மாறும், கணக்கு மாறினால் குழாய் மாறும், குழாய் மாறினால் கேபிள் மாறும். பல கேபிள்கள் இடம் மாறி, ஒன்றோடொன்று சேரக்கூடாதவை ஒரே பாதையில் நெருக்கியடித்துக் கிடந்தன. எது எங்கே போகிறது என்ற வரைபடமும் உண்மைக்கு ஒத்துவரவில்லை. இந்தப் புகைபோக்கும் அமைப்பைத் திட்டமிட்டவர் பொறியாளர் பட்டம் பெற்றவரே அல்ல, வரைவாளராகப் பயின்றவர் என்பது 2014-ல் வெளிவந்தது. ஒரு காண்ட்ராக்ட் நிறுவனத்திடமிருந்து நெடுஞ்சாலையோர நிறுத்தம் ஒன்றில் 1,50,000 யூரோ வாங்கிய முன்னாள் மேலாளருக்கு 2016-ல் தண்டனை கிடைத்தது. இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வாசகர், அடுத்த தேதி அறிவிப்பை எப்படிப் படித்திருப்பார்?

இன்னும் ஒன்று. 2012 ஜூன் தேதியைக் காப்பாற்ற என்ன யோசித்தார்கள் தெரியுமா? தானியங்கி அமைப்பு முடியாவிட்டால் போகட்டும், சுமார் 700 பேரைக் கதவுகளருகே நிறுத்துவோம், தீ என்று தகவல் வந்தால் கையால் திறப்பார்கள் என்றார்கள். மனிதனும் இயந்திரமும் சேர்ந்த தீர்வு என்று அதற்கு மிடுக்கான பெயரும் சூட்டினார்கள். இதை ஏற்க மறுத்தது யார்? மத்திய அரசுமில்லை, கண்காணிப்புக் குழுவுமில்லை. டாமே-ஷ்ப்ரேவால்ட் மாவட்டத்தின் கட்டட அனுமதி அலுவலகம். தலைநகரின் மேயரும், மாநில முதல்வரும், பிரதமரின் வருகையும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் ஒரு கிராமப்புற மாவட்டத்து அதிகாரிகள் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். இந்தக் கதையில் உருப்படியாகத் தன் வேலையைச் செய்தவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களைச் சொல்லலாம்.

உள்ளதை உள்ளபடி பேசியவருக்கு வேறு மரியாதை. 2016 ஏப்ரலில் நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் ஒரு பத்திரிகைக்கு மனம் திறந்து பேட்டி கொடுத்தார். மருந்து மாத்திரையின் பிடியில் இல்லாத எவரும் இந்த விமான நிலையத்துக்கு உறுதியான உத்தரவாதம் தரமாட்டார் என்பது அதன் சாரம். பேட்டி வெளியானதும் வேலை போயிற்று. அவர் சொன்னதோ அப்படியே பலித்தது. 2017 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதவுகளின் மின் கட்டுப்பாட்டில் கோளாறு என்று 2017-ஐயும் கைவிட்டார்கள்.

திறக்காத கட்டடத்துக்கும் தினசரிப் பராமரிப்பு உண்டு. டெர்மினலுக்கு அடியில் கட்டிமுடித்த ரயில் நிலையத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்றோட்டம் கிடைக்க, ஆளில்லாத ரயில்களை ஓட்டினார்கள். பக்கத்து ஹோட்டல் 2012-லேயே தயார். முந்நூற்றுக்கு மேற்பட்ட அறைகள், விருந்தினர் ஒருவருமில்லை. குழாயில் தண்ணீர் தேங்கிக் கெடாமலிருக்க ஊழியர்கள் அறை அறையாகப் போய்க் குழாய்களைத் திறந்துவிட்டு, தூசி தட்டிவிட்டு வந்தார்கள். டெர்மினலில் இரவு பகலாக விளக்கு எரிந்தது. கட்டுப்பாட்டு மென்பொருள் அணைக்கும் நிலையில் இல்லை என்று 2013-ல் விளக்கம் வந்தது. யாருமே பார்க்காத 750 தகவல் திரைகள் எரிந்தெரிந்து ஆயுள் முடிந்து, 2018-ல் சுமார் 5 லட்சம் யூரோவுக்கு மாற்றப்பட்டன. நிறுவனமே சுற்றுலாப் பேருந்து விட்டு, திறக்காத நிலையத்தைக் காசு வாங்கிக் காட்டியது. லாபம் வந்த பிரிவு அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

சிரித்தவர்களுக்கு நட்டமில்லை, நம்பியவர்களுக்குத்தான் நட்டம். கடை எடுத்த சிறு வணிகர்கள் கடன் வாங்கி, ஆள் அமர்த்தி, திறப்புக்கு நாள் எண்ணிக் காத்திருந்தார்கள். ஏர் பெர்லின் தன் எதிர்காலத்தையே இந்த நிலையத்தில் வைத்திருந்தது. 2012-ல் அதன் தலைவர் ஹார்ட்முட் மேடோர்ன், தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டு விமான நிலையத்தின் மேல் வழக்குப் போட்ட நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். 2013 மார்ச்சில் அதே மேடோர்ன் விமான நிலைய நிறுவனத்தின் தலைவராக வந்து அமர்ந்தார்! அவரும் இரண்டு ஆண்டில் விலகினார். வேறு பல நோய்களும் இருந்த ஏர் பெர்லின் 2017 ஆகஸ்டில் திவாலாகி, அக்டோபரில் கடைசி விமானத்தை ஓட்டியது. தான் நம்பிய நிலையத்தில் அது ஒரு நாளும் இறங்கவில்லை. மேயர் வோவரைட் 2014-லேயே பதவி விலகிவிட்டார்.

அவநம்பிக்கை வாக்குப்பெட்டிக்கும் போனது. 2017 செப்டம்பர் 24, நாடாளுமன்றத் தேர்தல் நாளிலேயே பெர்லினில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. புதியது திறந்தாலும் பழைய டேகல் மூடப்படக்கூடாது என்பதற்கு 56 சதவீதம் பேர் ஆதரவு. டேகல் நெரிசலும் கசிவுமாகத் தள்ளாடிய கிழம்தான். ஆனால் டாக்ஸியிலிருந்து இறங்கினால் சில நிமிடத்தில் விமான வாசல். அதையும் புதிய டெர்மினலையும் வடிவமைத்தவர் ஒருவரே, மைன்ஹார்ட் ஃபான் கெர்கான். 2012 குழப்பத்தில் அவர் அலுவலகத்தை வெளியேற்றிவிட்டார்கள். டேகலை மூடியே ஆகவேண்டும் என்பது சட்டம் என்று அரசு விளக்கியது. ஓட்டுப் போட்டவர்களுக்கு அது புரியாமலில்லை. ஓடுகிற வண்டியை விற்றுவிட்டு, ஓடாத வண்டியின் சாவியை வாங்கிக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து லுஃப்தான்ஸா நிர்வாகக் குழுவில் ஒருவரே இந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டி வரும் என்று ஆரூடம் சொன்னார்.

நிலைமை மாறியது 2017 மார்ச்சில் எங்கெல்பெர்ட் லுட்கே டால்ட்ரூப் நிறுவனத் தலைவராகப் பொறுப்பேற்ற பிறகு. அவர் வந்தவுடன் தேதி சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒன்பது மாதம் கழித்து, 2017 டிசம்பரில், 2020 அக்டோபர் என்றார். இத்தனை பேர் சொல்லிக் கேட்டாயிற்று, இவரும் சொல்லட்டும் என்றது ஊர். ஒரு வித்தியாசம் இருந்தது. முன்பெல்லாம் தேதியை முதலில் வைத்து, வேலையை அதற்குள் திணித்தார்கள். இப்போது எந்தச் சோதனை எப்போது முடியும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். தடங்கல் இல்லாமலில்லை. கேபிள்களைச் சுவரில் பிடித்திருந்த பிளாஸ்டிக் பிளக்குகள் தீயைத் தாங்கும் சான்று பெறாதவை என்று 2019-லும் ஒரு பஞ்சாயத்து எழுந்தது. ஆனாலும் தீ அமைப்பு முழுச் சோதனையில் தேறி, அதே மாவட்ட அலுவலகம் 2020 ஏப்ரல் 28 அன்று அனுமதி கொடுத்தது. செலவு, தொடக்கத்தில் சொன்ன சுமார் 200 கோடி யூரோவிலிருந்து 600 கோடியைத் தாண்டியிருந்தது.

இந்த முறை அவர் விழா வைக்கவில்லை. சும்மா திறக்கிறோம் என்றார். ஈஸிஜெட் விமானம் ஒன்றும் லுஃப்தான்ஸா விமானம் ஒன்றும் இரு ஓடுதளங்களில் பக்கம் பக்கமாக இறங்குவது மட்டும் திட்டம். வானிலை கைகொடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எட்டு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, டேகலின் கடைசிப் பயணிகள் விமானம் ஏர் பிரான்ஸ் கொடியோடு பாரிஸுக்குக் கிளம்பியது. 1960-ல் டேகலுக்கு முதல் கால அட்டவணை விமானத்தை ஓட்டியதும் அதே நிறுவனம்தான்.

ஒருவழியாகத் திறந்தார்கள், ஆனால் பயணிகள்தான் இல்லை. கொரோனா உலக விமானங்களைத் தரையில் கட்டிப்போட்டிருந்த நேரம் அது. நெரிசலைச் சமாளிக்கவென்று அவசரமாகக் கட்டிய இரண்டாவது டெர்மினல், ஆளில்லாததால் 2022 மார்ச் வரை மூடியே கிடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நிறுவனம் மூழ்காமலிருக்க மூன்று அரசுகளும் சேர்ந்து 170 கோடி யூரோ கொடுக்க ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் அளித்தது.

அடுத்த வாரம்: கட்டடக் கலைஞர் கோபித்துக்கொண்டு நாட்டைவிட்டே போன சிட்னி ஆப்பரா ஹவுஸ்.

(தொடரும்)