பெயர் மாறிய புகையிரத நிலையம்

ஒரு புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் கதை படிக்கலாம் என்பது என் கட்சி. ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயரில் உள்ள கிளெனீகிள்ஸ் என்ற சிறு நிலையத்தைப் பாருங்கள். 1856இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் 'கிரீஃப் சந்தி'. கிரீஃப் நகருக்கான கிளைப்பாதை அங்கேதான் பிரிந்தது.

1912இல் பெயரை மாற்றினார்கள். கலிடோனியன் புகையிரதக் கம்பனியின் பொது முகாமையாளர் டொனல்ட் மதீசனின் மனத்தில் அப்போது ஓர் உல்லாச ஹோட்டல் உருவாகிக்கொண்டிருந்தது. ஹோட்டலுக்கு முன்னரே பெயர் வந்து காத்திருந்தது! 1919இல் நிலையத்தையும் புதிதாகக் கட்டினார்கள். முதலாம் உலகப் போர் குறுக்கிட்டதால் ஹோட்டல் திறக்க 1924 ஜூன் ஆயிற்று. திறப்பு விழாவன்று ஹென்றி ஹோல் குழுவினரின் இசையை பீ.பீ.சீ. அங்கிருந்தே ஒலிபரப்பியது. வானொலி நேயர்களுக்கு இது இனிக்கும்.

ஆங்கிலக் காதுக்கு அந்தப் பெயரில் கழுகுகள் பறக்கும். ஆனால் கேலிக் மொழியில் தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லே அதன் மூலம் என்பார்கள்.

பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. அயலிலுள்ள ஓக்டராடர் ஊரின் சொந்த நிலையம் 1956இல் மூடப்பட்டது. 1964இல் கிரீஃப் கிளைப்பாதையில் பயணிகள் சேவையும் நின்றுபோயிற்று. தான் முதலில் பெயர் சுமந்த நகருக்கே வண்டி அனுப்ப முடியாத சந்தி, ஹோட்டலின் பெயரோடு எஞ்சி நின்றது. 2014இல் ரைடர் கிண்ண கோல்ஃப் போட்டி வந்தபோது அதற்குப் புதுப் பாதையும் மின்தூக்கிகளும் கிடைத்தன. ஓக்டராடர்வாசிகளும் இன்று அங்கே போய்த்தான் வண்டி ஏறுகிறார்கள்.