வாத்து வேட்டைக்கு எந்த ரவை? வயலில் விழும் ஈயத்தைத் தவிர்க்கும் வழி

அறுவடை முடிந்த நெல் வயலில் தண்ணீர் கட்டி வைத்தால் பறவைகள் தேடி வந்து இறங்கும். இது எந்த நாட்டு வயலுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் சுமார் 5 லட்சம் ஏக்கரில் நெல் பயிராகிறது. அங்கே முன்பு அறுவடைக்குப் பின் தாளை வயலிலேயே கொளுத்தி வந்தார்கள். புகைத் தொல்லை காரணமாக 1991ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்து, கொளுத்துவதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அதன் பிறகு உழவர்கள் பலர் தாளை மடக்கி உழுது, குளிர்காலத்தில் தண்ணீர் நிறுத்தி மட்க வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் லட்சக்கணக்கில் இறங்குகின்றன. சிந்திய நெல்லைப் பொறுக்கித் தின்கின்றன. தாளைச் சேற்றில் மிதித்து மட்கலை விரைவுபடுத்துகின்றன. உழவருக்குக் கூலியில்லாத வேலையாட்கள்!

வாத்து வேட்டைக்கு அங்கே உரிமமும் பருவமும் உண்டு. உழவர்களில் சிலர் பருவ காலத்தில் வயலை வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். நெல்லுக்கு அடுத்த வருமானம் இது. ஆனால் இந்த வருமானத்துக்குள்ளேயே ஒரு நஞ்சு இருந்தது. அதுதான் தோட்டாவுக்குள் இருந்த ஈய ரவை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்து, கிளுவை போன்ற பறவைகளைச் சுடுவது குற்றம். ஆகவே இக்கட்டுரை வேட்டைக்கு வழிகாட்ட அல்ல. ஒரு பழக்கப்பட்ட பொருள் வயலைக் கெடுக்கிறது என்று தெரிந்தபோது, அதற்கு மாற்றை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நாமும் அறிய வேண்டிய பாடம்.

ஈயம் எப்படிக் கொல்கிறது?

இங்கே ஈயம் என்பது காரீயம். ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு, இது வேறு.

வாத்து வேட்டைத் தோட்டா ஒன்றில் 35 கிராம் ஈய ரவை இருந்தால், 4ஆம் எண் அளவில் அது சுமார் 170 ரவைகள் ஆகும். பறவை மீது படுவது ஒரு சில மட்டுமே. மற்றவை எல்லாம் வயலிலும் நீரிலும் விழுகின்றன. ஈயம் எளிதில் கரைந்து போகாது. ஆண்டுக் கணக்கில் சேற்றில் கிடக்கும். உழும்போது கீழே போகும். மறு உழவில் மேலே வரும்.

கோழி அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் அரைவைப் பைக்குள் சிறு கற்கள் இருக்கும். பறவைக்குப் பல் இல்லை. இந்தக் கற்களே அதற்கு அம்மி. வாத்தும் இரை தேடும்போது சிறு கற்களை விழுங்குகிறது. ஈய ரவையும் கல் போலவும் விதை போலவும் இருப்பதால் அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அரைவைப் பையில் ரவை தேய்கிறது. வயிற்று அமிலத்தில் கரைகிறது. ஈயம் இரத்தத்தில் ஏறுகிறது.

அதன் பிறகு இரைக்குழாய் செயலிழந்து, தின்ற இரை கீழே இறங்காமல் அப்படியே தங்கிவிடும். எச்சம் பச்சையாகப் போகும். நெஞ்சுச் சதை வற்றும். இறக்கைகள் கூரை போலத் தொங்கும். இரண்டு மூன்று வாரங்களில் பறவை செத்துவிடும். உள்ளே இரை நிறைந்திருந்தும் பட்டினியால் சாகும் கொடுமை இது. ஒன்றிரண்டு ரவைகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதுமானவை.

அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 சதவீதம் ஈய நஞ்சால் மடிவதாகக் கணக்கிட்டார். வேட்டைக்காரன் சுட்டுக் கொண்டு போனவை இக்கணக்கில் சேராது. நோயுற்ற வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் செத்தன. 1987-88 பருவத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தடை விதித்து, 1991ஆம் ஆண்டில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுவதும் அமெரிக்க அரசு தடை செய்தது.

மாற்று ரவைகள் எவை?

முக்கியமாக மூன்று வகைகள் உள்ளன.

1. எஃகு ரவை: பெயர்தான் எஃகு. உண்மையில் இது பதமாக்கப்பட்ட மெல்லிரும்பு. மாற்று ரவைகளில் விலை மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் ஈயத்தை விட எடை குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால் இரும்பு 7.8 கிராம்தான். ஆகவே வேகம் சீக்கிரம் குறையும்.

2. பிஸ்மத் ரவை: பிஸ்மத் உலோகத்துடன் சிறிது வெள்ளீயம் கலந்து செய்வது. ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 9.6 கிராம். எடையில் ஈயத்துக்கு நெருங்கியது. எஃகை விட மென்மையானது. விலை எஃகைப் போலப் பல மடங்கு.

3. டங்ஸ்டன் ரவை: டங்ஸ்டன் மிக அடர்த்தியான உலோகம். கலவைக்குத் தக்கபடி எடை மாறும். சில வகைகள் ஈயத்தை விடவும் கனமானவை. தூரத்துக்கும் தாங்கும். விலையோ எல்லாவற்றிலும் அதிகம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். எஃகு ரவை கடினமானது. பழைய காலத்து மெல்லிய குழல்களில் கீறல் விழும், வீங்கவும் கூடும். குழலின் வாய் மிகவும் ஒடுக்கமாக இருந்தால் அந்த இடத்தில் சேதம் ஏற்படும். ஐரோப்பாவில் வேகமிக்க எஃகுத் தோட்டாவுக்குச் சோதிக்கப்பட்ட குழல்களில் லில்லிப் பூ முத்திரை பொறித்திருப்பார்கள். முத்திரை இல்லாத பழைய துப்பாக்கியை, அத்தொழில் தெரிந்தவரிடம் காட்டாமல் எஃகு ரவை போட்டுச் சுடக்கூடாது. பாட்டன் காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பிஸ்மத்தையே நாடுகிறார்கள்.

அடுத்து ரவையின் அளவு. அமெரிக்கக் கணக்கில் எண் குறையக் குறைய ரவை பெரிதாகும். ஈயத்தில் 4ஆம் எண் ரவை ஒன்று சுமார் 0.21 கிராம் எடை. அதே 4ஆம் எண் எஃகில் வெறும் 0.15 கிராம். எஃகில் 2ஆம் எண் எடுத்தால் 0.23 கிராம் வந்துவிடும். அதனால்தான் 'ஈயத்திலிருந்து எஃகுக்கு மாறினால் இரண்டு எண் பெரிதாக எடு' என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். இதை அறியாமல் பழைய எண்ணையே வாங்கியவர்கள், அடிபட்டும் விழாமல் பறவை தப்பிப் போவதைக் கண்டு எஃகின் மேல் பழி போட்டார்கள்.

மூன்றாவது தூரம். எஃகு ரவைக்குச் சுமார் 35 கஜத்துக்குள் சுடுவதே நல்லது. எட்டாத தூரத்தில் சுட்டால் பறவை காயத்தோடு பறந்து போய் எங்கோ சாகும். எந்த ரவையானாலும் அதுவே பெரிய வீண்.

நான்காவது தோட்டாவின் மேல் உள்ள குறிப்பு. செம்பு முலாம், நிக்கல் முலாம் பூசிய ஈய ரவைகளைப் பார்த்து 'இது ஈயமல்ல' என்று ஏமாறக்கூடாது. அரைவைப் பையில் முலாம் தேய்ந்துவிடும். உள்ளே இருப்பது ஈயமே. துத்தநாக ரவையும் ஆகாது. துத்தநாகமும் பறவைக்கு நஞ்சு. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை சோதித்து ஒப்புக்கொண்ட வகைகளை மட்டுமே வாத்து வேட்டைக்கு வாங்க வேண்டும்.

ஐந்தாவது தக்கை. எஃகு ரவை குழலைத் தேய்க்காமலிருக்க அதை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வைத்திருப்பார்கள். சுட்டதும் அது வயலில் விழும். இப்போது மட்கும் பொருளில் செய்த தக்கைகளும் வந்துள்ளன. நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர் இதையும் நிபந்தனையில் சேர்ப்பது நல்லது.

ஆறாவது சேமிப்பு. இரும்பு துருப்பிடிக்கும். நனைந்த தோட்டாவில் ரவைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதைச் சுடுவது ஆபத்து. தேவைக்கு மட்டும் வாங்கி ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வலசைப் பாதையில் ஆய்வு செய்தவர்கள், பச்சைத் தலை வாத்துகளில் ஈய நஞ்சுச் சாவு 64 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். 1997ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் வாத்துகள் இத்தடையால் பிழைத்தன என்பது அவர்கள் மதிப்பீடு.

டென்மார்க் 1996ஆம் ஆண்டில் ஈய ரவையை முற்றிலும் தடை செய்தது. அங்கே முதலில் தடை சொன்னவர்களில் காட்டு உரிமையாளர்களும் உண்டு. எஃகு ரவை மரத்தில் பதிந்தால் அறுவை ரம்பத்தின் பல் உடையும் என்பது அவர்கள் கவலை. அத்தகைய காடுகளுக்கு மென்மையான ரவைகளைத் தேர்ந்தார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டர் தூரத்திலும் ஈய ரவைக்குத் தடை.

மனிதருக்கும் மாட்டுக்கும்

ஈய ரவை பட்ட இறைச்சியில், கண்ணுக்குத் தெரிந்த ரவையை எடுத்த பிறகும் சிறு துணுக்குகள் தங்கிவிடும். காடி போன்ற புளிப்புச் சேர்த்துச் சமைத்தால் ஈயம் இன்னும் அதிகமாகக் கரையும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்குக் கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. சுடும் பயிற்சித் திடல்களின் புல்லை அறுத்துப் பதப்படுத்திய தீவனத்தைத் தின்ற மாடுகளும் ஈய நஞ்சுக்கு ஆளாகியிருக்கின்றன.

நம் வயலுக்கு என்ன?

சாக்ரமெண்டோ நெல் வயலில் இறங்கும் ஊசிவால் வாத்து இனம் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. இங்கே அதைச் சுடக்கூடாது. சுடுவது தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஈயம் துப்பாக்கி வழியாக மட்டும் வருவதில்லை. இங்கிலாந்தில் தூண்டிலில் கட்டும் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 1987ஆம் ஆண்டில் அவற்றின் விற்பனையைத் தடை செய்தார்கள். நம் ஏரியில் மீன் பிடிப்பவர்களும் அறுந்த ஈயக் குண்டுகளைக் கரையில் விட்டுவிடாமல் பொறுக்கி எடுக்க வேண்டும். வலைக்கு இரும்பு வளையம் கட்டினால் இன்னும் நல்லது. டிராக்டரின் பழைய பேட்டரியை உடைத்து மாட்டுத் தொழுவத்தின் அருகே போடக்கூடாது. அதன் ஈயத் தகட்டை மாடு நக்கும். கண் தெரியாமல் முட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, வலிப்பு கண்டு மாடு விழுந்தால், ஈயம் நக்கியிருக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

பழைய பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். விலையும் கிடைக்கும், தொழுவமும் தப்பும்.