98 பெரிதா? 103 பெரிதா?

எங்கள் இரவு வகுப்பில் ஒரு அக்கா படிக்கிறார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள், பொட்டலம் மடித்து வந்த பழைய செய்தித்தாளை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு பட்டியல் இருந்தது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தம்பி, தமிழ்நாட்டுக்கு 98 பதக்கம். அரியானாவுக்கு 103 பதக்கம். 103 தானே பெரிசு? அப்புறம் ஏன் நம்மளை இரண்டாவதாப் போட்டு, அவங்களை மூணாவதாப் போட்டிருக்காங்க? தப்பா அச்சடிச்சிட்டாங்களா?"

நல்ல கேள்வி. எனக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை. பட்டியலை இன்னொரு முறை பார்த்த பிறகுதான் புரிந்தது.

அது 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுப் போட்டியின் பட்டியல். 'கேலோ' இந்திச் சொல். 'விளையாடு' என்று பொருள். எல்லா மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஆடும் போட்டி இது. ஓட்டம், நீச்சல், மல்யுத்தம், கபடி, கோ-கோ, பளு தூக்குதல் எனப் பல விளையாட்டுகள் உண்டு. முதல் போட்டி 2018-இல் டெல்லியில் நடந்தது. அப்போது அதற்குப் பள்ளி விளையாட்டுப் போட்டி என்று பெயர். அந்த ஆண்டு அரியானா முதலிடம் பெற்றது.

2019-இல் புனேயிலும், 2020-இல் குவஹாத்தியிலும் நடந்தது. இரண்டு முறையும் மகாராஷ்டிரம் முதலிடம். பிறகு கொரோனா வந்தது. போட்டி தள்ளிப் போனது. 2022 ஜூன் மாதம் அரியானாவில் பஞ்ச்குலா நகரில் நடந்தது. சொந்த மண்ணில் அரியானா மீண்டும் முதலிடத்தைப் பிடித்தது. அதன்பின் 2023-இல் மத்தியப் பிரதேசம், 2024 ஜனவரியில் தமிழ்நாடு, 2025 மே மாதம் பீகார். மூன்றிலும் மகாராஷ்டிரமே முதலிடம். ஆக 7 போட்டிகளில் மகாராஷ்டிரம் 5 முறை, அரியானா 2 முறை.

அக்கா பார்த்தது 2024 பட்டியல். போட்டி சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடந்தது. இனி அவர் கேள்விக்கு வருவோம்.

பதக்கத்தில் மூன்று வகை. முதலில் வந்தால் தங்கம். அடுத்தது வெள்ளி. அதற்கடுத்தது வெண்கலம். பட்டியல் போடும்போது மொத்தத்தைப் பார்ப்பதில்லை. தங்கத்தைத்தான் முதலில் எண்ணுவார்கள். தங்கம் சமமாக இருந்தால்தான் வெள்ளியைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டுக்கு 38 தங்கம். அரியானாவுக்கு 35. மூன்று தங்கம் கூடுதல். அதனால் தமிழ்நாடு மேலே.

"பத்துப் பத்து ரூபாய் நோட்டைவிட ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு பெரிசு, அப்படித்தானே?" என்றார் அக்கா. ஏறக்குறைய அப்படித்தான்.

2022 பஞ்ச்குலா பட்டியலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். டெல்லிக்கு மொத்தம் 79 பதக்கம். மணிப்பூருக்கு 28 தான். ஆனால் மணிப்பூரின் 28-இல் 19 தங்கம்! டெல்லிக்குத் தங்கம் 15. ஆகவே மணிப்பூர் நான்காம் இடத்தில் நின்றது. டெல்லி அதற்குக் கீழே.

மணிப்பூர் மிகச் சிறிய மாநிலம். 2011 கணக்குப்படி அங்கே மக்கள் தொகை சுமார் 28 லட்சம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு பதக்கம் என்று ஆகிறது. அரியானாவில் சுமார் இரண்டரைக் கோடிப் பேர். அந்தப் போட்டியில் 137 பதக்கம். ஏறக்குறைய 1 லட்சத்து 85 ஆயிரம் பேருக்கு ஒன்று. மகாராஷ்டிரத்தில் 11 கோடிக்கும் மேல். அங்கே 125 பதக்கம். 9 லட்சம் பேருக்கு ஒன்று! இப்படி வகுத்துப் பார்த்தால் வரிசையே தலைகீழாக மாறிவிடுகிறது. செய்தித்தாளில் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த விளையாட்டைச் சேர்க்கிறார்கள் என்பதும் முக்கியம். பஞ்ச்குலாவில் 'தாங்-தா'வைச் சேர்த்தார்கள். அது வாளும் ஈட்டியும் ஏந்திச் செய்யும் மணிப்பூர்க் கலை. கேரளத்தின் களரிப்பயட்டும் இருந்தது. மகாராஷ்டிரப் பிள்ளைகள் சிறுவயதிலேயே பழகும் மல்லகம்பமும் இருந்தது. மரக் கம்பத்தில் ஏறி உடலை வளைத்துச் செய்யும் வித்தை அது. தமிழ்நாட்டில் நடந்தபோது நம் சிலம்பம் வந்தது. ஆனால் செய்து காட்டும் விளையாட்டாக மட்டும்.

போட்டியை நடத்தும் மாநிலத்துக்கும் ஒரு வசதி உண்டு. பழகிய மைதானம், பழகிய சாப்பாடு, ரயில் அலைச்சல் இல்லை. குழு விளையாட்டுகளில் அந்த மாநில அணிக்கு இடமும் கிடைக்கும். மத்தியப் பிரதேசம் தன் ஊரில் நடந்தபோது 39 தங்கம் வாங்கி மூன்றாம் இடம் பெற்றது. பீகாரும் தன் ஊரில் 36 பதக்கம் எடுத்தது.

இதெல்லாம் மாநிலத்தின் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு. மகாராஷ்டிரத்தில் சாங்லி என்று ஓர் ஊர். அங்கே டீக்கடையும் வெற்றிலைக் கடையும் வைத்திருக்கும் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையன் சங்கேத் சர்கர் 2020 குவஹாத்திப் போட்டியில் பளு தூக்கித் தங்கம் வாங்கினார். 2022-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றார். அவர் தங்கையும் பஞ்ச்குலாவில் தங்கம் வாங்கினார். கடையில் வேலை செய்துகொண்டே பயிற்சி செய்தவர் அந்தப் பையன்.

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அரசு வைத்திருக்கிறது. பயிற்சிச் செலவு தனி. ஆனால் அந்த இடத்துக்குப் போகப் பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி என்று ஏற வேண்டும். வயதுக்கு வரம்பு உண்டு. பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால், அந்தத் தாளில் பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கடைசி நேரத்தில் அலைய வேண்டி வரும்.

இவ்வளவையும் கேட்ட அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மகள் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள். 'பொம்பளைப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவதா' என்று வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை.

"கபடியில ஜெயிச்சா எத்தனை தங்கம் தம்பி?"

"பட்டியலில் ஒன்றுதான் அக்கா. அணிக்கே ஒன்று. நீச்சலில் ஒரே பிள்ளை நாலைந்து தங்கம்கூட எடுக்கலாம். அதனால் நீச்சல் குளம் நிறைய உள்ள மாநிலத்துக்கு லாபம்."

"அப்போ பிள்ளைங்களுக்கு?"

"ஆளுக்கு ஒரு பதக்கம் கழுத்தில் போடுவார்கள்."

செய்தித்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டப் போகிறாராம்.