மங்கலாகத் தெரியும் ஒளியின் வலிமை

துத்தநாகத் தகடு ஒன்றைப் பளபளவெனத் தேய்த்து, மின்காட்டியின் தலையில் வைத்து, எதிர்மின்னூட்டம் கொடுத்தால் உள்ளே தங்க இலைகள் விரிந்து நிற்கும். தகட்டின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுங்கள், இலைகள் அசையாது. விளக்கை நூறு மடங்கு பிரகாசமாக்கினாலும் அசையாது. சிறிய புறஊதா விளக்கைக் காட்டினாலோ இலைகள் மளமளவென்று மடங்கிவிடும். தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன.

ஒளி வெறும் அலைதான் என்றால், அலை வலுக்க வலுக்க எலெக்ட்ரானும் வேகமாகப் பாய வேண்டுமே? ஜெர்மனியின் பிலிப் லெனார்ட் 1902-இல் அளந்து பார்த்தார். ஒளியைக் கூட்டியபோது எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடியது, உச்ச வேகம் கூடவில்லை.

1905-இல் ஐன்ஸ்டைன் விடை சொன்னார். ஒளியின் ஆற்றல் பொட்டலம் பொட்டலமாக வருகிறது. இன்று அவற்றை ஃபோட்டான் என்கிறோம். ஒரு ஃபோட்டானின் ஆற்றலைத் தீர்மானிப்பது ஒளியின் அதிர்வெண் மட்டுமே. அலைநீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஃபோட்டானுக்கு ஆற்றல் 1.9 எலெக்ட்ரான்வோல்ட்; 254 நானோமீட்டர் புறஊதாவுக்கு 4.9. துத்தநாகத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 4.3 வேண்டும். கடுமையான லேசர் துடிப்புகளை விட்டுவிட்டால், ஓர் எலெக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான்தான். இரண்டு மூன்று சிவப்பு ஃபோட்டான்கள் கைகோத்து அந்த வேலையைச் செய்வதில்லை.

ஒளியின் செறிவு என்பது ஒரு சதுர மீட்டரில் வினாடிதோறும் விழும் மொத்த ஆற்றல். ஃபோட்டான்களின் எண்ணிக்கையை ஒவ்வொன்றின் ஆற்றலால் பெருக்கினால் அது கிடைக்கும். செறிவு கூடினால் ஃபோட்டான்களும் கூடும் என்று படிக்கிறோமே, அது ஒரே நிறத்துக்குள்தான் சரி. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 1 மில்லிவாட் சிவப்பு லேசர் வினாடிக்குச் சுமார் 3,300 லட்சம் கோடி ஃபோட்டான்களை அனுப்புகிறது. அதே 1 மில்லிவாட்டில் 405 நானோமீட்டர் ஊதா லேசர் அனுப்புவது ஏறத்தாழ 2,000 லட்சம் கோடிதான். ஆற்றல் சமம், எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் வலியது.

ஐன்ஸ்டைனின் ஒளித்துகளை நம்பாத ராபர்ட் மில்லிகன் பல ஆண்டுகள் பாடுபட்டு அளந்தார். 1916-இல் அவர் வெளியிட்ட அளவீடுகளே எலெக்ட்ரானின் ஆற்றல் பற்றிய ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை உறுதிசெய்தன. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1921-க்கான நோபல் பரிசு ஐன்ஸ்டைனுக்கு வந்தது, முக்கியமாக இந்த விளக்கத்துக்காகவே.

வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பான்கள் பலவற்றில் இருப்பதும் அந்த 254 நானோமீட்டர் விளக்குதான். அதன் புறஊதா நம் கண்ணுக்குத் தெரியாது. வெளிர்நீல மினுக்கல் மட்டுமே தெரியும். ஆனால் கிருமியின் மரபணுவைச் சிதைக்கும் அதன் ஃபோட்டான்கள் நம் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். மூடியைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.