முதிர்ந்த மடிக்கணினியைப் பேணுதல்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அக்காலத்தில் தமக்கை பெற்ற கருவி இன்று தம்பியின் கைக்கு வந்திருத்தல் கூடும். பழையதென்று அதனை எறிதல் தகாது. குறையறிந்து நீக்குதலே அறிவுடைமை.

திண்டுக்கல் சமவெளியில் கோடை வெப்பமும் புழுதியும் மிகுதி. புழுதி உள்விசிறியை அடைத்தால் வெப்பம் வெளியேறாது. அப்பொழுது கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெப்பம் மேலும் மிகுந்தால் தானே நின்றுவிடும். மெத்தைமீது வைத்தாலும் காற்றுவழி அடைபடும். ஆதலின் பலகைமீது வைத்து இயக்குதலும், மின்னிணைப்பை நீக்கித் தூசு துடைத்தலும் வேண்டும்.

கணினி இயங்கவில்லையெனில், முதற்கண் வேறொரு பொருத்தமான மின்னேற்றியால் சோதித்தல் நன்று. பின்னர், கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனை நீக்கி, மின்னேற்றியைக் கொண்டே இயக்குக. அவ்வாறு இயங்கின், குறை மின்கலத்தினதே. வெப்பம் மின்கலத்தை விரைவில் முதுமையடையச் செய்யும். உப்பிய மின்கலத்தை அழுத்தினாலோ துளைத்தாலோ தீப்பற்றும். அதனைப் பயன்படுத்தாது பழுதுபார்ப்போரிடம் ஒப்படைக்க. வன்தட்டு வழக்கமின்றி ஒலித்தால், சேமித்த பாடங்களை உடனே வேறிடத்தில் படியெடுத்து வைக்க.

பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். திறவாத பூட்டை உடைப்பதன்முன் தடை எங்குள்ளதென ஆராய்தலே தொழில் வல்லார் இயல்பு. கணினிக்கும் அம்முறையே பொருந்தும்.