பொன்னியின் செல்வன் சிறப்புப் பதிப்புகள்

ஒரு நூலின் மூலக் கதையுடன் ஓவியங்கள், வரைபடங்கள், பின்னிணைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து, தரமான தாளில் கெட்டி அட்டையுடன் வெளியிடப்படுவது சிறப்புப் பதிப்பு ஆகும். தமிழில் இவ்வகைப் பதிப்புகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கல்கியின் 'பொன்னியின் செல்வன்'.

தோற்றம்

இப்புதினம் 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வெளிவந்தது. ஓவியர் மணியம் இதற்குப் படங்கள் வரைந்தார். வாசகர்கள் பலர் தொடரின் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டனர். விளம்பரங்களும் படங்களும் அப்படியே இருக்கும் அத்தொகுப்புகளே இதன் முதல் சேகரிப்புப் பதிப்புகள் எனலாம். பின்னர் இதழில் மீண்டும் தொடராக வந்தபோது வினு, மணியம் செல்வன், பத்மவாசன் முதலியோரும் ஓவியம் வரைந்தனர்.

நாட்டுடைமைக்குப் பின்

கல்கியின் நூற்றாண்டான 1999-இல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதன்பின் எந்தப் பதிப்பகமும் ஐந்து பாகங்களையும் அச்சிட முடிந்தது. விலை குறைந்தது, ஆனால் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் ஓவியங்கள் இடம்பெறவில்லை. முதல் வாசகர்கள் கதையோடு சேர்த்தே பார்த்த படங்கள், இன்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சிறப்பு அம்சமாகிவிட்டன.

பின்னிணைப்புகளின் பயன்

இப்புதினத்தில் வரலாறும் கற்பனையும் கலந்துள்ளன. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கற்பனை மாந்தர். வந்தியத்தேவன் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும், ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டிலும் உள்ளன. இந்த வேறுபாட்டை விளக்கும் குறிப்பு இல்லாவிட்டால், மாணவர்கள் கதை முழுவதையும் வரலாறாகவே எடுத்துக்கொள்ள நேரும்.

சோழர் மரபு வரிசை அட்டவணையும் அவ்வாறே பயன்படும். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) காணப்படுகின்றன. கதை நிகழும் காலத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முற்பட்டவை இவை. பராந்தகனின் மகன் அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் அருள்மொழிவர்மன் என்று அட்டவணையில் காணும் மாணவர், தம் ஊர்க் கல்வெட்டு கதைத்தலைவனின் கொள்ளுப்பாட்டன் காலத்தது என்பதை உடனே அறிந்துகொள்வார்.

தேர்ந்தெடுத்தல்

வாங்குவோர் அட்டையின் அழகை மட்டும் பார்க்காமல் மூன்றைக் கவனிப்பது நல்லது:

1. ஐந்து பாகங்களும் சுருக்கப்படாமல் உள்ளனவா?
2. கதை முடிந்தபின் கல்கி எழுதிய முடிவுரை சேர்க்கப்பட்டுள்ளதா?
3. ஓவியரின் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளதா?

இவை இல்லாத பதிப்பு, விலை எவ்வளவு உயர்ந்ததாயினும், முழுமையான சிறப்புப் பதிப்பு ஆகாது.