விரல்துளை இல்லாத குழல்

பான் குழலில் விரல்துளையே கிடையாது. சுரத்துக்கு ஒரு குழாய். பெரு, பொலிவியா மலைநாட்டில் இதன் பெயர் சிக்கு. அங்கே ஒரே பாட்டின் சுரங்களை இருவர் பங்கிட்டு, மாறி மாறி ஊதுவார்கள். கேட்கக் கேட்க அலுக்காத அழகு அது!

இதைப் பழக விரும்பினால், வயரிங் வேலைக்கு விற்கும் பிவிசி குழாயே போதும். அடியைத் தக்கையால் அடையுங்கள். உள்நீளம் சுமார் 19 சென்டிமீட்டர் என்றால் 440 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒட்டி ஒலிக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி.

கீழுதட்டை விளிம்பில் பதித்து, எதிர் விளிம்பில் காற்று மோதும்படி ஊதுங்கள். நேராக உள்ளே ஊதினால் வெறும் காற்றுதான் வரும். நீளக் குழாய்க்கு உதடு தளர்வாக, குட்டைக் குழாய்க்கு இறுக்கமாக இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, சற்று இளைப்பாறுங்கள்.